மாங்குயில் மேல ஒட்டிக்கிட்ட தங்க ரேக்கு

கடலூர் முதுநகர்லேந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க: மரப்பலகைல முட்டை டெம்பரால (கலர் பவுடரை மஞ்சக்கருல குழைச்சு வரையறது) தோப்பும் மாங்குயிலும் வரைஞ்சாங்களாம், கடைசியா வானத்துக்கு தங்க ரேக்கு ஒட்டப் போனா அது குயில் மேலயும் திட்டுத்திட்டா ஒட்டிக்கிச்சு, ஐப்பசி மழைல பூஞ்சை வேற வந்துருச்சு, எங்க தப்புன்னு.

வரிசைலதாங்க தப்பு. தங்கம்தான் முதல்ல, கலர் அப்புறம். மஞ்சக்கரு கலர் போட்ட உடனே காஞ்சாப்ல தெரியும், ஆனா முழுசா இறுக மாசக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் ரேக்கு பட்டா பிடிச்சுக்கும். இப்ப ஒட்டினதை ஈரத்துணி போட்டு தேய்க்காதீங்க, கலரும் சேர்ந்து வந்துரும். பிளேடு நுனியால மெதுவா சுரண்டி எடுத்துட்டு மேல திரும்ப கலர் குடுங்க.

அடுத்த பலகைக்கு கடைல விக்கிற அக்ரிலிக் ஜெஸ்ஸோ (பலகைக்கு போடற வெள்ளை அடிப்பூச்சு) வேணவே வேணாம், அது டெம்பராவை உறிஞ்சாது. முயல்தோல் வஜ்ஜிரத்தை கொதிக்க விடாம சூடாக்கி, சாக் பவுடர் கலந்து ஏழெட்டு கோட்டு, பின்பக்கமும் பூசுங்க, இல்லன்னா நம்ம கடலோர ஈரத்துக்கு பலகை வளைஞ்சுரும். குயிலோட அவுட்லைனை ஊசியால கீறிட்டு, வெளிய இருக்கற வானத்துல மட்டும் ‘போல்’னு (bole) சொல்ற சிவப்பு களிமண் பூச்சு, அதுமேல தண்ணி தொட்டு ரேக்கு, அப்புறம் அகேட் கல்லால மெருகு. தஞ்சாவூர் படத்துக்கு ஒட்டற கனமான ரேக்கு வேற, இது மூச்சு பட்டாலே பறக்கும். பித்தளை ரேக்கு சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, உப்புக்காத்துல கறுத்துப் போயிரும்.

முட்டைல வெள்ளைக்கரு சுத்தமா போகணும். மஞ்சக்கருவை டிஷ்யூ மேல உருட்டி, தோலை ரெண்டு விரல்ல பிடிச்சு தூக்கி, அடியில குத்தினா உள்ள இருக்கறது மட்டும் கிண்ணத்துல விழும், அதே அளவு தண்ணி சேருங்க. தண்ணில குழைச்ச கலர் பவுடரோட இதை கலந்து கண்ணாடில ஒரு கோடு போட்டு பாருங்க, காஞ்சப்புறம் சுரண்டினா தோலா உரிஞ்சா சரி, பவுடரா உதிர்ந்தா மஞ்சக்கரு பத்தல. மிச்சம் வைக்காம அன்னன்னிக்கு புதுசா உடைச்சுக்குங்க.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது என்னன்னா, மாங்குயிலோட மஞ்சள் பளபளன்னு இருக்கற தங்கத்துக்கு பக்கத்துல வந்தா செத்துப்போன மாதிரி தெரியும், அதனால நடுவுல கரும்பச்சை இலை ரெண்டு கொண்டாங்க, கண்ணுக்கு பின்னாடி வரைக்கும் போற கறுப்புக்கோட்டை அழுத்தமா விடுங்க. இறகை ஒரே பூச்சா பூசாம நம்பர் ஒண்ணு பிரஷ்ல இறகு போற திசைலயே கோடு கோடா, அடுக்கு மேல அடுக்கா ஏத்துங்க.

பூஞ்சைக்கு, பலகையை நல்லா நிழல்ல உலர்த்தி, மாஸ்க் போட்டுக்கிட்டு, மெத்துன்னு இருக்கற காஞ்ச பிரஷ்ஷால வெளில வச்சு தட்டி விடுங்க. மாட்டுறப்ப செவுத்தோட ஒட்டாம பின்னால சின்ன கட்டை வச்சு காத்து போற மாதிரி மாட்டுங்க, மழைக்கு நனையற செவுரா இருந்தா வேற இடம் பாருங்க.