நடுச்சாம விழிப்பும் நெஞ்சுப் படபடப்பும்

கேள்வி: எனக்கு 36 வயது. கணவர் கத்தாரில் வேலை. மூத்தவன் இந்த வருடம் புலமைப்பரிசில் எடுக்கிறான். மாமிக்குப் பாரிசவாதம், அவரைப் பார்ப்பதும் நான்தான். வீட்டுக் கடன் வேறு. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளிடம் கத்துகிறேன். சண்டையையும் சுனாமியையும் கண்ட அம்மா, “உனக்கு மனத்தெம்பு காணாது” என்கிறார். அதை எப்படி வளர்ப்பது?
- வாசகி, உப்புவெளி

பதில்: அன்புச் சகோதரி, அம்மா பட்ட பாடு பெரியது. ஆனால் 2004 இல் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒதுங்கியவர்களுக்குப் பக்கத்துப் பாயில் பேச ஆள் இருந்தது, பொதுவில் உலை கொதித்தது. நீங்கள் தனியாகச் சுமக்கிறீர்கள். பாரத்தை இறக்கி வைக்க நாளில் ஒரு நேரமும், கை கொடுக்க ஓர் ஆளும் இருந்தால்தான் மனத்தெம்பு ஊறும். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இல்லை.

முதல் வேலையாக ஒரு வைத்தியரிடம் போய் ஈ.சி.ஜி., தைரொயிட், ஈமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் கோளாறும் இதே படபடப்பைத் தரும். எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிடக் கூடாது.

அடுத்தது நித்திரை. அது கெட்டிருக்கும்போது வேறெந்தப் பயிற்சியும் ஒட்டாது. பின்னேரம் 5 மணிக்குக் குடிக்கும் தேத்தண்ணியின் கபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 10 மணிக்கும் உடம்பில் நிற்கும். ஆகவே கடைசித் தேத்தண்ணி 2 மணியோடு சரி. கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் என்பதால் கணவரின் அழைப்பு பெரும்பாலும் 11 மணிக்கு வரும், கடன் கதையோடு முடியும். கிழமை நாட்களில் 9.30க்குள் சுகம் விசாரித்து முடியுங்கள், அங்கே அப்போது 7 மணி. காசுக் கதையை அவருக்கு லீவான வெள்ளிக்கிழமைப் பகலுக்குத் தள்ளுங்கள்.

இரண்டு மணிக்கு முழித்தால் போனில் நேரம் பார்க்காதீர்கள். பார்த்ததும் “இன்னும் மூன்று மணித்தியாலம்தான்” என்று கணக்குத் தொடங்கும், அந்தக் கணக்கே படபடப்பைக் கூட்டும். இருபது நிமிடம் போல் தோன்றியும் கண் மூடாவிட்டால் எழும்பி, மங்கிய வெளிச்சத்தில் உடுப்பு மடியுங்கள். கண் சொருகிய பிறகு படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் விடிய ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும். முதல் ஒரு கிழமை களைப்புக் கூடும், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

படபடப்புக்கு மூச்சுப் பயிற்சி: மூக்கால் 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பலர் பிழை விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, நெஞ்சு நிறைய இழுப்பது. அப்படிச் செய்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் விறைக்கும், பயம் இன்னும் ஏறும். வயிறு மெல்ல எழும்பினால் போதும். மற்றது, படபடப்பு வந்த பிறகு மட்டும் செய்து பார்ப்பது. அமைதியான நேரத்தில் தினமும் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

பின்னேரம் பதினைந்து நிமிடம் ஒரு கொப்பியோடு இருங்கள். மனதை அரிப்பதையெல்லாம் எழுதி, செய்யக்கூடியதற்கு எதிரே அடுத்த ஒரு காரியத்தை மட்டும் குறியுங்கள்: ‘திங்கள், வங்கியில் தவணை பற்றிக் கேட்பது.’ மகனின் பெறுபேறு போல உங்கள் கையில் இல்லாததற்குக் கோடு இழுத்து விடுங்கள். படுக்கையில் திரும்ப வந்தால், “நாளைக்குக் கொப்பியில்” என்று சொல்லிக்கொள்ளலாம். இதைக் கட்டிலில் இருந்து எழுத வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியமாக நாங்கள் நினைப்பது, உதவி கேட்பது. “ஒருத்தரும் உதவி இல்லை” என்று சொன்னால் ஒருத்தரும் அசையமாட்டார்கள். நாளும் நேரமும் வேலையும் சொல்லிக் கேளுங்கள்: “மச்சாள், செவ்வாயும் வியாழனும் அஞ்சரையில இருந்து ஆறரை வரைக்கும் மாமியோட இருக்கேலுமா?” அந்த ஒரு மணித்தியாலத்தில் கடற்கரையில் வேகமாக நடவுங்கள். மாரி மழை பிடித்தால் விறாந்தையில் நடந்தாலும் சரி. அந்த நேரத்தில் சந்தைக்குப் போய்விடாதீர்கள்.

கத்திவிட்டால், ஆறிய பிறகு பிள்ளையிடம், “அம்மா களைச்சுப்போய்க் கத்திட்டன், உன்னில பிழை இல்லை” என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நித்திரைக் குளிசையை நீங்களாக பாமசியில் வாங்க வேண்டாம். உயிரை விட்டால் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு கிழமை பார்த்திருக்க வேண்டாம். அன்றே பக்கத்தில் உள்ள ஒருவரிடம் சொல்லுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். இரவிலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம்.