விழுங்கும் கேமராவுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் இரத்தசோகை தீரவில்லை. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இரண்டிலும் குறை எதுவும் தென்படாததால், சிறு கேமரா உள்ள மாத்திரையை விழுங்கவைத்துக் குடலைப் படம் எடுக்கும் கேப்சூல் எண்டோஸ்கோப்பி செய்யலாம் என்று திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள். இது தேவையா? கேப்சூலை நாங்களே இணையத்தில் வாங்கிக் கொடுத்தால் செலவு குறையுமா? – வாசகர், களியக்காவிளை

பதில்: நீங்கள் சொல்லும் நிலைமையில் அது நியாயமான பரிசோதனைதான். முதல் இரண்டு சோதனைகளும் முழுமையாக எட்டாத சிறுகுடலைப் பார்ப்பதற்காகவே 2001இல் இந்த முறை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறத்தாழ 26 மி.மீ. நீளமுள்ள அந்தக் கேப்சூல் சுமார் எட்டு மணி நேரம் படம் எடுத்து, இடுப்பில் கட்டிய பதிவுக் கருவிக்கு அனுப்பும். பிறகு மலத்தோடு வெளியேறிவிடும். அந்தக் கேப்சூலைக் கொண்டு சதைத் துணுக்கு எடுக்கவோ இரத்தக் கசிவை நிறுத்தவோ முடியாது. புண் தென்பட்டால் அடுத்த சிகிச்சைக்குத் தனிச் செலவு உண்டு.

தனியாக வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் கேப்சூல் மற்றொன்றின் பதிவுக் கருவியோடு பொதுவாக வேலை செய்யாது. மேலும், நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும் பயன், ஐம்பதாயிரம் அளவிலான படங்களைப் பொறுமையாகப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவரின் கண்ணில்தான் இருக்கிறது. ஆகவே, படம் பார்ப்பவர் யார், அவருடைய கட்டணம் 45,000க்குள் அடங்குமா, வீடியோவின் நகல் கிடைக்குமா, கருவி பழுதாகிப் பதிவு நின்றால் மறுபரிசோதனை யார் செலவில் என்று எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருள் என்பதால், உறை உங்கள் முன்னால் பிரிக்கப்படட்டும். வரிசை எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் வரட்டும். ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தால், தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

தந்தைக்குக் குடல் காசநோய், வயிற்று அறுவை, நெடுநாள் வலி மாத்திரைப் பழக்கம், பேஸ்மேக்கர் ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்னரே சொல்லுங்கள். குடல் சுருங்கிய இடத்தில் கேப்சூல் சிக்கினால் அதை எடுக்க அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். ஐயம் இருந்தால் முதலில் கரையக்கூடிய சோதனைக் கேப்சூலைக் கொடுத்துப் பார்க்கும் வழி உண்டு. இரும்பு மாத்திரை குடற்சுவரைக் கறுப்பாக்கிப் படத்தைக் கெடுக்கும் என்பதால், எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதையும் கேளுங்கள். கேப்சூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கூடாது.

கேள்வி: கொல்லம் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பணம் கட்டிச் செய்த இதே பரிசோதனையில் படங்கள் இரைப்பையோடு நின்றுவிட்டன. புகார் செய்யக் கேரளாவுக்குத்தான் போக வேண்டுமா? – வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் இரைப்பை மெதுவாக இயங்கி கேப்சூல் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. அதை மருத்துவமனையின் குறை என்று நிறுவுவது கடினம். பதிவுக் கருவியோ பேட்டரியோ செயலிழந்தது என்றால் உங்கள் பக்கம் வலுவாகும். முதலில் அறிக்கையையும் வீடியோவையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, வேறொரு குடல்நோய் நிபுணரிடம் காட்டுங்கள். அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.