பல்லு புடுங்கப் படிக்கிற புள்ளைக்கு ஆராய்ச்சி எதுக்குன்னு கேட்ட அம்மாவுக்கு

அக்கா, உங்க வொய்ஸ் மெசேஜ் ரெண்டு தடவ கேட்டேன். மகள் மெடிசினுக்கு ஏ லெவல் இசட் ஸ்கோர் (கெம்பஸ் போறதுக்குப் பாக்குற புள்ளி) கொஞ்சத்துல தவறி பேராதனை கெம்பஸ்ல டென்டல் படிக்குது, இப்ப ரிசர்ச் டேக்கு, அதாவது புள்ளைங்க செஞ்ச ஆய்வக் காட்டுற நாளுக்கு, போஸ்டர் செய்யணும்னு லீவுக்குக் கூட வீட்டுக்கு வரல, பல்லு புடுங்கத்தானே போச்சு இதெல்லாம் எதுக்கு, எக்ஸாம் பெயிலாயிருமோன்னு கேட்டிருந்தீங்க.

நுவரெலியா மாவட்டத்துல புண்டலுஓயாப் பக்கம் உங்களுக்கு சொந்தக்காரங்க இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல, அங்கருந்தே ஆரம்பிக்கிறேன். 1970ல ஹெரால்ட் லோன்னு ஒரு நோர்வே பல் டொக்டரும் அவரோட ஆளுங்களும் அங்க இருக்கிற டன்சினன், ஹரோ தேயிலைத் தோட்டங்கள்ல 480 ஆம்பளத் தொழிலாளிங்களோட வாயப் பாத்து முரசு (ஈறு) எவ்வளவு எறங்கியிருக்குன்னு அளந்தாங்க, அதே ஆளுங்கள 1985 வரைக்கும் திரும்பத் திரும்ப வந்து அளந்தாங்க. ப்ரஷ் கிடையாது, பல் டொக்டர் கிடையாது, எல்லாருக்கும் பல்லுல ஊத்தை, முரசுல வீக்கம். அப்ப எல்லாருக்கும் பல்லு கொட்டியிருக்கணும்ல? இல்ல. 8 வீதம் பேருக்கு மளமளன்னு மோசமாகி 45 வயசுக்குள்ள பல்லே இல்லாமப் போச்சு, 81 வீதம் பேருக்கு மெதுவாப் போச்சு, 11 வீதம் பேருக்கு வீக்கத்தோட நின்னுருச்சு. ஊத்தை மட்டும் காரணமில்ல, ஆளுக்கு ஆள் உடம்பு வேறன்னு உலகத்துக்குப் பளிச்சுன்னு காட்டினது இந்த ஆய்வுதான், முரசு நோய் பாடத்துல இன்னைக்கும் இது வரும். 2010ல தேடிப் போய் 75 பேரத் திரும்பவும் பாத்தாங்க.

காலையில பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்க, நின்ன நம்ம ஆளுங்களோட வாய் அது அக்கா. அளவுகோல் பிடிச்சு அளந்தவங்க வெளியாளுங்க. (அத்தன வருசம் சும்மா பாத்துக்கிட்டு இருக்கிற ஆய்வுன்னா ஆய்வுல மனுசங்களுக்குக் கெடுதி வராமப் பாக்குற எதிக்ஸ் கமிட்டி இப்ப லேசுல விடாது, அது வேற கதை.) உங்க மகள் கையில இப்ப அந்த அளவுகோல் இருக்கு.

வீட்டுல பாட்டி வெத்தல போடுவாங்கன்னீங்க. ஒண்ணு செய்ங்க, வாய நல்லாத் திறக்கச் சொல்லி மூணு விரல சேத்து நிமுத்தி முன்பல்லுக்கு நடுவுல போகுதான்னு பாருங்க. போகலன்னா, சம்பல் வாயில பட்டாலே எரியுதுன்னா, கன்னத்து உள்பக்கம் வெளிறி நார் மாதிரி இறுகியிருந்தா, அது பாக்கு செய்யிற வேலயா இருக்கலாம், புத்துநோயா மாறக்கூடியது. புகையில இல்லாத வெத்தல ஒண்ணும் செய்யாதுன்னு நம்ம ஆளுங்க சொல்லுறது தப்பு, பாக்கே புத்துநோய் தரும்னு உலக சுகாதார அமைப்போட புத்துநோய் நிலையமே சொல்லியிருக்கு. ஒரு நாளைக்கு எத்தன வாய் போடுறீங்க, ராத்திரி அதக்கிக்கிட்டே தூங்குவீங்களான்னு லயத்துல ஒக்காந்து நம்ம பேச்சுல கேட்டாத்தான் பாட்டி உண்மைய சொல்லும், அதுக்கு உங்க மகள் மாதிரி ஆளுதான் வேணும்.

எக்ஸாம் பயம் நியாயம்தான், அத நான் தள்ளிவிடல. ஒரு பாடம் ஏற்கனவே ரிப்பீட்ல இருந்தா போஸ்டர இந்த வருசம் விட்டுறச் சொல்லுங்க. இல்லன்னா மூணு விசயம் மட்டும் கேளுங்க, எந்த சேர் இல்லன்னா மேடம் பொறுப்பா இருந்து பாத்துக்கிறாங்க, எதிக்ஸ் அனுமதி எடுத்தாச்சா, மகளோட பேரு போஸ்டர்ல வருமா. பேரில்லாம டேட்டா மட்டும் டைப் பண்ணிக் குடுக்கிற வேலைன்னா வேணாம், நான் கோபமாவே சொல்லுவேன், புள்ளைங்கள அப்படி வேல வாங்குறது நடக்குது. பின்னாடி கொழும்புல பிஜிஐஎம் (டொக்டர்மார் மேல்படிப்பு படிக்கிற நிலையம்) போய் ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்னாலும் வெளிநாட்டுல மேல படிக்கணும்னாலும் ஒரு கேள்விய எடுத்து எண்ணி எழுதிப் பழகின கை ஒதவும்.

ரிசர்ச் டே அன்னைக்கு உள்ள வரலாமான்னு மகள்கிட்ட கேட்டுட்டு நீங்களே போய்ப் பாருங்க, கம்பளை வழியா கண்டி போற பஸ் ஏறினா பேராதனைல எறங்கலாம். பாட்டிக்கு மூணு விரல் போகலன்னா அதுவரைக்கும் வச்சிருக்காதீங்க, இந்தக் கெழமையே பல் ஹொஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க.