முதல் படம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் சிறிய மருந்துக்கடை நடத்துகிறேன். ஒன்றரை மணி நேரப் படத்துக்கான கதையை எழுதி முடித்துவிட்டேன். 3 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். நல்ல கேமரா வாங்கிவிடலாமா, அல்லது பயிற்சி வகுப்பில் சேர்ந்து அடிப்படைகளைக் கற்றபின் தொடங்கலாமா? நான் யாரிடமும் உதவி இயக்குநராக இருந்ததில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேமரா வாங்க வேண்டாம். வகுப்புக்கும் இப்போது அவசரமில்லை. உங்கள் கைப்பேசியிலேயே ஐந்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து, நீங்களே எடிட் செய்து முடியுங்கள்.

கடையே போதும். சீட்டோடு வருகிறவர் விலையைக் கேட்டுவிட்டுப் பாதி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார். எடிட் செய்ய உட்காரும்போது அவர் முகம் இருக்கும், உங்கள் முகம் இருக்கும். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோல் வெட்டும் ஷாட் இருக்காது. அது தோன்றவேண்டிய இடத்தில்தான் காட்சி தடுக்கி விழும். இருவரையும் தனித்தனியாக எடுத்தபோது இருவருமே திரையின் இடப்பக்கம் பார்த்துப் பேசியிருந்தால், யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் தெரியும். இதை ஒருமுறை சொந்தப் படத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

வங்க இயக்குநர் சத்யஜித் ராய் 1952இல் தன் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியபோது விளம்பர நிறுவன ஊழியர். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவுக்கு இருபதுகளின் தொடக்க வயது. அதுவரை சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. முதலில் எடுத்தது நாணல் பூத்த வெளி. சிறுவன் அக்காவைத் தேடி இயல்பாக நடக்கவேண்டும், நடை வரவில்லை. பாதையில் குச்சிகளைப் போட்டுத் தாண்டவைத்தார் ராய். ஆட்களைப் புதருக்குள் ஒளித்துவைத்துப் பெயர் சொல்லி அழைக்கச் செய்தார். தேடும் நடை வந்துவிட்டது. மறுவாரம் போனால் பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன; அடுத்த பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது. நடிப்பைப் பற்றியும் திட்டமிடலைப் பற்றியும் அந்த வெளி கற்றுத் தந்ததை எந்த வகுப்பறை அவருக்குத் தந்திருக்கும்?

அடுத்தது ஒலி. புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். என் முதல் குறும்படத்தில் பாட்டியும் பேத்தியும் சமையலறையில் பேசும் காட்சி. பாட்டியை எடுத்தபோது குளிர்சாதனப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பேத்தியை எடுத்தபோது தானாக நின்றிருந்தது. இரண்டையும் ஒட்டினால், பாட்டி பேசும்போதெல்லாம் அறை உறுமியது. அப்போது எங்களில் ஒருவர்கூட ஹெட்போன் மாட்டியிருக்கவில்லை. நீங்கள் மாட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த இடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். வசனங்களுக்கு இடையிலான பள்ளங்களை அதை வைத்துத்தான் நிரப்ப முடியும்.

பெரிய படம் எடுக்கும்போது கேமராவை வாடகைக்கு எடுங்கள். வேலை செய்பவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள். அன்றன்று எடுத்ததை அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கடைப் படம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன்.

அன்புடன்.