பிரிக்க வந்தது, பூட்ட வரவில்லையே!

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று சேலம் அம்மாபேட்டையில் வசிப்பவர். துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை அச்சில் போடுவது நல்லதல்ல என்பதால் ஊர் மட்டும்.)

கேள்வி: தாத்தா வைத்திருந்த 1911 மாடல் பிஸ்டல், உரிமம் இப்போது என் பெயரில். எங்கள் காபித் தோட்டத்து வீட்டில் மழைக்காலத்தில் மேகம் கூடத்துக்குள்ளேயே வந்துவிடும். உள்ளே துரு தெரிந்ததால் பொடி சாமான் வரை கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். மறுபடி பூட்டிய பிறகு ஹேமர் (சுடும் ஊசியை அடிக்கும் சுத்தி) பின்னால் நிற்க மாட்டேன் என்கிறது. விட்டதும் கூடவே விழுகிறது. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று நடுவில் கோணியும் இருக்கிறது. அதுதான் காரணமா? — ஏற்காடு வாசகர்

பதில்: முதலில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள் ஐயா. ஹேமர் நிற்காத துப்பாக்கியில் குண்டு போட்டுச் 'சரியாகிவிட்டதா' என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நம்புகிறேன்.

கோணிய ஸ்பிரிங் பாவம், அதை விட்டுவிடுங்கள். இடப்பக்கச் சிறு குழாயில், சேஃப்டிக்கும் ஸ்லைடு ஸ்டாப்புக்கும் (மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் நெம்பு) நடுவே உட்காருவது அது. குழாயிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்காமல் இருக்கத்தான் நடுவில் ஒரு கோணல் வைத்திருக்கிறார்கள். இடுக்கியால் நிமிர்த்திவிடாதீர்கள். அதன் இரு முனையிலும் வரும் குச்சிகளில் கூர்முனை உள்ளது சேஃப்டி பக்கம், மழுங்கியது ஸ்லைடு ஸ்டாப் பக்கம்.

உங்கள் கோளாறு பெரும்பாலும் பிடிக்குள் இருக்கும் தட்டை ஸ்பிரிங்கில்தான். அதற்கு மூன்று நாக்கு. இடது நாக்கு, ஏற்றிய ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரைத் தள்ளும். நடு நாக்கு, ஸ்லைடு முழுக்க மூடாதவரை ட்ரிக்கரைச் சியரிலிருந்து பிரித்துவைக்கும் டிஸ்கனெக்டரின் சரிந்த முகத்தில் படிந்து ட்ரிக்கரையும் முன்னால் தள்ளும். வலது நாக்கு உள்ளங்கை அழுத்தும் பிடி சேஃப்டிக்கு. இடது நாக்கு நழுவி வேறெங்காவது உட்கார்ந்துவிட்டால் சியருக்கு அழுத்தம் கிடைக்காது, ஹேமரைப் பிடிக்க ஆளில்லை. நடு நாக்கு தப்பினால் ட்ரிக்கர் தொளதொளவென்று ஆடும். ஆக, எந்த நாக்கு தப்பியது என்று துப்பாக்கியே சொல்லிவிடும்.

மறுபடி பிரியுங்கள். டிஸ்கனெக்டரின் உருண்டைத் தலை மேலே, சியரின் இரண்டு கால்களும் அதைக் கவட்டையிட்டபடி, இரண்டையும் சேர்த்தே உள்ளே இறக்க வேண்டும். துளைகள் நேராகிறவரை வலப்பக்கமிருந்து ஒரு கோணூசியைச் செருகி வைத்துக்கொண்டால் கை நடுக்கம் பாதி குறையும். துளையில் செருகும் ஆணிகளின் (பின்) தலை இடப்பக்கம் வரவேண்டும். அப்புறம் ஹேமர். அதற்குப் பிறகு தட்டை ஸ்பிரிங்: கீழ் முனையின் கொக்கி பிரேமில் உள்ள வெட்டில் விழுந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிடியின் பின்பக்கத் துண்டைப் பாதி தூரம் மட்டும் ஏற்றினால் ஸ்பிரிங் நகராமல் நிற்கும். இந்த நிலையில் டார்ச் அடித்து மூன்று நாக்கும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முழுக்க ஏற்றிய பிறகு ஒன்றும் தெரியாது. பிடி சேஃப்டியையும் கட்டைவிரல் சேஃப்டியையும் மாட்டி, ஹேமரை முன்னால் சாய்த்து, அதில் தொங்கும் கம்பி பெரிய ஸ்பிரிங்கின் குழிக்குள் இறங்கும்படி துண்டை முழுக்கத் தள்ளி, அதன் ஆணியை அடித்து இறக்குங்கள்.

'எல்லாம் உள்ளே போய்விட்டது' என்பது ஒரு சாட்சியே இல்லை. மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுச் சோதியுங்கள். ஹேமரை ஏற்றிக் கட்டைவிரல் சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை அழுத்தினால் விழக்கூடாது. சேஃப்டியை எடுத்துவிட்டு, பிடியை அழுத்தாமல் ட்ரிக்கரை இழுத்தாலும் விழக்கூடாது. ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ட்ரிக்கரை அழுத்துங்கள், அப்போதும் விழக்கூடாது. கடைசியாக, ட்ரிக்கரை அழுத்தியபடியே ஸ்லைடை முழுக்க இழுத்து முன்னால் விடுங்கள்: ஹேமர் நிற்க வேண்டும், விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மேலே கை வைக்காதீர்கள்.

நம்மூரில் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை உண்டு. தெரிந்த பையனிடம் கொடுத்துச் சியரை லேசாக ராவிவிடலாம் என்று தோன்றும். அந்த விளிம்பு மயிரிழை மாறினாலும் ஹேமர் தானாக விழும். சட்டப்படியும் தப்பு: 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கே எடுத்துப் போங்கள்.

மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், துருவைத் தடுக்காது. கழுவியதும் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைக்கிற பழக்கமிருந்தால் இன்றோடு விடுங்கள். ஏற்காட்டு ஈரத்தைத் தோல் குடித்து இரும்புக்கு ஊட்டிவிடும்.

கேள்வி: கல்லூரியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். நானும் ட்ரிக்கர் பகுதியைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா? — அஸ்தம்பட்டி மாணவி

பதில்: வேண்டாம் அம்மா. அங்கே அழுக்கு சேர வெடிமருந்துப் புகையே கிடையாது. குழலில் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) உருண்டை தள்ளினால் போதும். சிலிண்டர் வாயின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். 200 பார் அழுத்தமுள்ள காற்றில் சாதா எண்ணெய் பற்றிக்கொள்ளும். ட்ரிக்கர் திருகைத் தொட்டிருந்தால் போட்டிக்கு முன் ட்ரிக்கர் 500 கிராம் எடைக்கல்லை விடாமல் தூக்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள்.