சிறுதானியத்துக்கு மாறியும் சர்க்கரை ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 51 வயது. திண்டுக்கல் பக்கம் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. 14 மாதங்களுக்கு முன் ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.2 வந்தது. அன்றே வெள்ளை அரிசி, வெள்ளைச் சர்க்கரை, மைதா மூன்றையும் விட்டேன். காலையில் ஒரு டம்ளர் பச்சைக் கீரைச் சாறு. பிறகு மூன்று ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை போட்டுச் சத்துமாவுக் கஞ்சி. 11 மணிக்கு இரண்டு ஸ்பூன் தேன் விட்டு ஆரஞ்சுச் சாறு. மதியம் சாமை அல்லது வரகுச் சோறு, சாம்பார். மாலையில் கேழ்வரகு பிஸ்கட். இரவு மூன்று கோதுமை தோசை. இரண்டு வேளைக் காபியும் கருப்பட்டியில், வேளைக்கு இரண்டு ஸ்பூன். எடை ஒரு கிலோ குறைந்தது. ஹெச்பிஏ1சி இப்போது 6.4.

கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். 27 வருட வேலையில் யாரிடமும் கை நீட்டியதில்லை. குடி, புகை கிடையாது. எல்லாப் பழக்கமும் உள்ளவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு ஏன் இப்படி? அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அண்ணனுக்குச் சிறுநீரகக் கல் வந்தது. எனக்குத் தனிச் சமையல் என்பதால் மனைவிக்கும் சலிப்பு. விசேஷ வீடுகளில் சாப்பிடாமலே வந்துவிடுகிறேன். என்ன தவறு செய்கிறேன்?

பதில்: முதலில் ஒரு பாராட்டு. எத்தனை ஸ்பூன் என்பது வரை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, 'நான் எப்பவுமே இப்படித்தான் டாக்டர்' என்பார்கள். ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் நேர்மையால் எனக்கு வேலை எளிது. அந்த ஸ்பூன் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கஞ்சிக்கு மூன்று, காபிக்கு நான்கு, தேன் இரண்டு. ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ சுமார் 5 கிராம், தேன் என்றால் 7 கிராம். கூட்டினால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 50 கிராம். பிஸ்கட்டில் இருப்பதை இன்னும் சேர்க்கவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 25 கிராம். அதுவும் பொதுவான உச்சவரம்புதான். சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவருக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கு எடுக்கிறீர்கள்.

கருப்பட்டியில் இரும்புச்சத்து, தாது எல்லாம் உண்டே என்பீர்கள். உண்டு. ஒரு ஸ்பூனில் அது எவ்வளவு தேறும்? மீதியெல்லாம் சர்க்கரைதான். அதன் நிறத்தையோ பிறந்த ஊரையோ நம் குடல் பார்ப்பதில்லை. இதைப் பெரிய மேதாவித்தனத்தோடு சொல்லவில்லை. நானே இரண்டு வருடம் கருப்பட்டிக் காபி குடித்து, உடம்புக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தவன்.

சரி, அடுத்தது கஞ்சி. உங்கள் கேள்விக்கான பாதி விடை இதில்தான் இருக்கிறது.

முழு உணவு என்கிறோம். கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை என்று பத்துப் பன்னிரண்டு வகை வாங்கி, வறுத்து, மில்லில் கொடுத்து டால்கம் பவுடர் மாதிரி அரைத்து வாங்குகிறோம். மில்லுக்குப் போகும் வரை அது முழுத் தானியம். ஒவ்வொரு தானியத்துக்குள்ளும் மாவுச்சத்து சின்னச் சின்ன அறைகளில் பூட்டிக் கிடக்கிறது. அந்தச் சுவரை நம் பல்லும் குடலும் மெதுவாகத்தான் உடைக்கும். அதனால் சர்க்கரையும் ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும். அரைத்த மாவில் சுவர் ஏற்கெனவே உடைந்துவிட்டது. அதை நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் மாவுச்சத்து ஊதிக் குழைந்து, அதைச் செரிக்கும் நொதிகளுக்கு ரொம்ப வசதியாகிவிடுகிறது. மெல்லவே வேண்டாம், ஐந்து நிமிடத்தில் டம்ளர் காலி. குழந்தைக்கும் நோயில் கிடந்து எழுந்தவருக்கும் கஞ்சி கொடுப்பது அது சீக்கிரம் செரிக்கும் என்பதால்தானே? அவர்களுக்கு நல்லதாக இருக்கிற அதே குணம் உங்களுக்கு ஆகாது.

அதே கம்பை மில்லுக்கு அனுப்பாமல் இடித்து, நொய்யாக்கிச் சோறாகச் சமைத்துப் பாருங்கள். பயறை முளைகட்டியோ சுண்டலாகவோ சாப்பிடுங்கள். மென்றுதான் ஆக வேண்டும், வயிறும் நேரத்தோடு நிறையும். கரகரப்பாக அரைத்த அடை இரண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் காய் என்றால் அது நல்ல காலை உணவு. கோதுமை தோசைக்கும் இதே கதைதான். கரைத்த மாவு எந்தத் தானியத்தில் வந்தாலும் கரைத்த மாவுதான்.

சாமை, வரகு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கடை கடையாக இவை வந்துவிட்டன, நல்லதே. ஆனால் 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், சாமையிலும் வரகிலும் 65 கிராம் அளவுக்கு இருக்கிறது. அரிசியைவிடக் குறைவு, அவ்வளவுதான். நார்ச்சத்து அதிகம் என்பது உண்மை. அது தவிட்டோடு இருந்தால். நீங்கள் வாங்கும் சாமை பளிச்சென்று வெள்ளையாக, மாதக்கணக்கில் பூச்சி பிடிக்காமல் இருந்தால் தவிடு ஆலையிலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீட்டாத சாமை மங்கலாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடையும் வரும்.

தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்கிறீர்கள் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. என் அனுபவத்தில், அரிசியை விட்டு வரகுக்கு வந்தவர்கள் 'இது நல்லதுதானே' என்று ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொள்கிறார்கள். 14 மாதத்தில் எடை ஒரே கிலோதான் குறைந்திருப்பதைப் பார்த்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம் என்று தோன்றுகிறது. தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், கால் பங்குக்குப் பருப்போ பயறோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கில் சோறு. அந்தச் சோறு வரகாக இருந்தாலும் சரி, புழுங்கலரிசியாக இருந்தாலும் சரி, அளவு இதுதான். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கொஞ்சம் குறைவாக ஏறுகிறது என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. செலவில்லாத காரியம், செய்து பாருங்கள்.

ஆரஞ்சைச் சாறு பிழியாமல் சுளையாகச் சாப்பிடுங்கள், ஒரு பழம் போதும்; தேன் எதற்கு? பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம் இருக்கும். பின்பக்கம் பல பாக்கெட்டுகளில் கோதுமை மாவோ மைதாவோ முதலிடம், சர்க்கரையும் எண்ணெயும் அடுத்தடுத்து. மைதாவை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது மாலை 5 மணிக்கு உங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கலாம்.

பச்சைக் கீரைச் சாறு எனக்குக் கவலை தருகிறது. பல கீரைகளில், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். பச்சையாக அரைத்துத் தினமும் ஒரு டம்ளர் குடித்தால் ஒரு கட்டுக் கீரையின் ஆக்சலேட் மொத்தமும் உள்ளே போகிறது. இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அண்ணனுக்குக் கல் வந்த குடும்பம் உங்களுடையது. நாளையே நிறுத்துங்கள். கீரையை வேகவைத்துக் கடைந்தோ கூட்டாகவோ வாரத்தில் மூன்று, நான்கு நாள் சாப்பிடலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி 'எனக்கு ஏன்?' என்ற கேள்வி. இதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. கடிதம் முழுக்க அதுதான் உறுத்துகிறது.

அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நீங்கள் கை நீட்டாததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நல்லவனாக இருந்தேனே என்று கணையத்திடம் கேட்க முடியாது. லஞ்சம் வாங்காமல் இருந்ததால் 27 வருடம் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்; அதற்கான பலன் அதுதான், அது கிடைத்துவிட்டது. இதைச் சர்க்கரையோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதினால் கசப்புதான் மிஞ்சும்.

உங்கள் உழைப்பு எவ்வளவு பலன் தரும் என்பதற்கு நம் ஊர் ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, உங்களைப் போல வாசலில் நின்ற 531 பேரை ஏறக்குறைய மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். சர்க்கரை, மாவுப்பண்டம், எண்ணெய் குறைக்கவும், தினமும் அரை மணி நேரம் நடக்கவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேர். 16 பேர் தப்பினார்கள் என்பது பெரிய விஷயம். அந்த வழிகாட்டுதல் இருந்தும் 39 பேருக்கு வந்தது என்பதையும் சேர்த்தே பாருங்கள். அவர்களும் உங்கள் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

இந்த ஆய்வில் இருக்கும் ஒரு சொல் உங்கள் கடிதத்தில் இல்லை: நடை. 14 மாதமாகத் தட்டை மட்டுமே மாற்றியிருக்கிறீர்கள். நாளுக்கு அரை மணி நேரம் வேர்க்கும் அளவு நடங்கள். மதியமும் இரவும் சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் தெருவில் ஒரு சுற்று போனால் இன்னும் நல்லது; ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கால் தசை எடுத்துக்கொள்ளும். நான்கைந்து கிலோ எடை குறைந்தால் அதுவே பெரிய மருந்து.

6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்போம், நீங்கள் 6.4. எனவே ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ரத்தசோகை இருந்தால் அந்த எண் தவறாகக் காட்டலாம், ஹீமோகுளோபினையும் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டுமா என்பதை அதைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை தொடங்கினால் அது தோல்வி என்று நினைக்காதீர்கள். இதற்கிடையில் தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

சாப்பிடும் முன் நன்றி சொல்கிறீர்கள். நல்ல பழக்கம். அதனால் சர்க்கரை இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன்; அவசரமில்லாமல் உட்கார வைக்கிறதே, அதுவே போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நன்றி சொல்லும்போது, ஒரே அடுப்பில் இரண்டு சமையல் செய்தவர் எதிரில் நின்றுகொண்டிருக்கிறார். நான் மேலே சொன்ன தட்டில் உங்களுக்கென்று தனியாகச் சமைக்க எதுவுமே இல்லை. அதே சாம்பார், அதே பொரியல், அதே சுண்டல்; பொரியலை இரண்டு பங்காக்கிச் சோற்றைக் குறைத்தால் முடிந்தது. வீட்டில் எல்லோரும் புழுங்கலரிசி சாப்பிட்டால் நீங்களும் ஒரு கரண்டி சாப்பிடுங்கள்.

விசேஷ வீட்டிலும் உட்காருங்கள். கூப்பிட்டவர்கள் இலை போட்டுக் காத்திருக்கும்போது நழுவி வருவது அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் பட்டினி. வீட்டுக்கு வந்து அந்தப் பசிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறப்பீர்கள். இலையில் கூட்டு, பொரியல், அவியல் தாராளமாக, சோறு கொஞ்சம், அப்பளம் ஒன்று. பாயசம் இரண்டு வாய் போதும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கல்யாணத்தால் ஹெச்பிஏ1சி ஏறிவிடாது. தினமும் ஒன்பது ஸ்பூன் போட்டால் ஏறும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்து எழுதுங்கள். அப்போது உங்கள் மனைவியின் சர்க்கரை அளவையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்கு எப்போதாவது பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.