கம்பெனி செட்டைக் கழற்றாமல் ஊஃபர் போட முடியுமா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். என் ஹேட்ச்பேக் காரில் கம்பெனியே கொடுத்த டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ, நான்கு ஸ்பீக்கர். குரல் தெளிவாகக் கேட்கிறது. உறுமி, தவில் வரும் இடத்தில்தான் கனமே இல்லை. சப்ஊஃபர் போடலாம் என்று வேலூரில் விசாரித்தேன். ஒரு கடையில் ஸ்டீரியோவை மாற்றினால்தான் முடியும் என்கிறார்கள். இன்னொரு கடையில் டிக்கியில் பெரிய பெட்டி வைக்கச் சொல்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருவேன், டிக்கி வேண்டும். வாரண்டியும் பாக்கி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்டீரியோவைத் தொட வேண்டாம். ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் அதோடு பிணைந்தவை. வெளி செட் போட்டால் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும். கடைக்காரர் அப்படிச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கம்பெனி செட்டின் பின்னால் ஆம்புக்கு (ஊஃபரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு) சிக்னல் எடுக்கிற ஆர்சிஏ சாக்கெட் பெரும்பாலும் இருக்காது. அதனால் என்ன, பின் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம். ஸ்பீக்கர் வயரை நேராக ஏற்கும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் என்றால் அந்த வயரை அப்படியே கொடுக்கலாம். இல்லையென்றால் நடுவில், ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ சிக்னலாகக் குறைத்துத் தரும் லைன் அவுட் கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் மைனஸ் வயர் எர்த் கிடையாது. இப்போதைய செட்களில் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே சுமார் 6 வோல்ட் நிற்கும். யாராவது மைனஸை பாடியில் சேர்த்தால் செட்டின் அவுட்புட் ஐசி போய்விடலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பேஸ் (உறுமி, தவிலில் வரும் அடித்தொனி) நிறைந்த ஒரு பாட்டைப் போட்டு வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். பாதிக்கு மேல் குரல் மட்டும் ஏறி, பேஸ் நின்ற இடத்திலேயே நின்றால், சின்ன ஸ்பீக்கர் கிழியாமலிருக்க செட்டே பேஸை வெட்டுகிறது என்று அர்த்தம். அப்படியானால் சாதாரண கன்வெர்ட்டர் போதாது. வெட்டிய பேஸை ஈடுகட்டும் பிராசஸர் தேவைப்படும்.

அரிசி மூட்டைக்கு இடம் வேண்டும் என்பதால் சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆக்டிவ் சப்ஊஃபர்தான் உங்களுக்குச் சரி. ஆம்பும் ஊஃபரும் ஒரே தட்டையான பெட்டிக்குள் இருக்கும். 8 அங்குலம் போதும். கண்ணாடி அதிராது, ஆனால் உறுமிக்குக் கனம் வந்துவிடும். சில மாருதி மைல்ட் ஹைப்ரிட் மாடல்களில் முன் சீட்டின் அடியில் லித்தியம் பேட்டரி உட்கார்ந்திருக்கும். முதலில் டார்ச் அடித்துப் பார்த்து, உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

அட்டையில் 1000 வாட் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அதில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். 15 ஆம்பியர் பியூஸ் என்றால், ஓடும் காரில் 13 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும் உள்ளே போவதே 195 வாட். அதிலிருந்து ஆயிரம் எப்படி வரும்? தொடர்ந்து தரக்கூடிய பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்தான் கணக்கு.

பணமும் கவனமும் போக வேண்டிய இடம் பவர் வயர்தான். பலர் பெட்டிக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு இங்கே கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஸ்டீரியோவின் பவர் வயரிலிருந்தோ சிகரெட் லைட்டரிலிருந்தோ கரண்ட் எடுக்கவே கூடாது. பேட்டரி பிளஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் உட்கார வேண்டும். ஆம்பிலேயே பியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். நடுவில் வயர் தேய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் தடுப்பது பேட்டரி பக்கத்துப் பியூஸ் மட்டும்தான். வயர் தேயும் இடம் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டு ஓட்டை. அங்கே ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் வயரை இழுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

சீட்டடி ஊஃபருக்கு அதன் கையேடு சொல்லும் வயர் போதும். பிற்பாடு தனியாக 300 வாட் ஆம்புக்குப் போனால் 8 கேஜ் தடிமனில் சுத்தச் செம்பு வயர், 30 ஆம்பியர் பியூஸ். மலிவாகக் கிடைப்பது செம்பு பூசிய அலுமினியம். நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதைத்தான் போடுவேன் என்றால் ஒரு சைஸ் தடிமனாகப் போடச் சொல்லுங்கள்.

எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். பெயின்டைத் தேய்த்து, தகடு பளபளவென்று தெரிந்த பிறகு ஸ்டார் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். மேலே கொஞ்சம் கிரீஸ், துரு பிடிக்காது. சீட் பெல்ட் போல்ட்டில் கட்டவே கூடாது. வேலை முடிந்ததும் பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி மைனஸுக்கும் ஆம்பின் எர்த் முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டர் வயர் எட்டாது, ஒரு நீள வயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தை மறுபடி கட்டச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடவே ஏறுகிற ‘ங்ஙீ’ சத்தத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்புறம், பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறுபக்கம் போகட்டும்.

நம்ம ஊர் வெயிலும் கணக்கில் வர வேண்டும். மே மாதம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. பூட்டி நிறுத்திய கார் அதைவிட மோசம். ஆம்பை கார்ப்பெட்டுக்கு அடியில் புதைத்தால் சூடேறித் தானே அணைந்துவிடும். வண்டியை எடுத்தவுடன் முழு வால்யூம் வேண்டாம்.

ட்யூனிங்குக்கு வருவோம். லோ பாஸ் (குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள ஒலியை ஊஃபருக்கு விடாத வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில், பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில். செட்டின் வால்யூமை முக்காலுக்கு வைத்து, செட்டின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் கெயினை ஏற்றுங்கள். சத்தம் உடையத் தொடங்கியதும் கொஞ்சம் இறக்குங்கள். கெயின் என்பது வால்யூம் குமிழ் இல்லை, கடைப் பையன் முழுக்கத் திருப்பிவிட்டால் நீங்களே இறக்கிவிடுங்கள். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஊஃபர் அசையும் திசையை மாற்றும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் பேஸ் கனமாக இருக்கிறதோ அங்கேயே விட்டுவிடலாம். ராத்திரி 10 மணிக்கு மேலும், சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியும் அடக்கி வாசியுங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

வாரண்டி விஷயம். கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றினால், நாளைக்கு எலக்ட்ரிக்கல் கோளாறு எது வந்தாலும் சர்வீஸ் சென்டரில் அதைக் காட்டிக் கைவிரிக்க வாய்ப்புண்டு. உங்கள் மாடலுக்கான கப்ளர் ஹார்னஸ் (இரண்டு முனையிலும் பிளக் உள்ள வயர்க்கட்டு) வாங்கி, செட்டுக்கும் அதன் பிளக்குக்கும் நடுவே செருகச் சொல்லுங்கள். ஒரு வயரும் வெட்டுப்படாது. வண்டியை விற்கும்போது பிடுங்கி அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும் என்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.